‘விளங்கும் மொழி’ எது? பாறசாலை எல்லையின் கூலிச்சீட்டு

பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை என்று நீளும் அந்தச் சில கிலோமீட்டர் நிலத்தை மொழியியல் துறைகள் மிகவும் விரும்புகின்றன. ஒரே வாக்கியத்தில் தமிழ் எழுவாயும் மலையாள வினையும். ஒரே தேநீர்க்கடையில் இந்த மொழிக் கேள்விக்கு அந்த மொழியில் பதில். பதிவுக்கருவியோடு ஒரு வாரம் தங்கினால் ஆய்வேட்டின் ஓர் இயலுக்குப் போதுமான தரவு கிடைத்துவிடும். அந்த இயலின் கடைசிப் பத்தியையும் ஊருக்குப் போகாமலே எழுதிவிடலாம்: எல்லையோர மக்கள் இயல்பான இருமொழியாளர்; அங்கே மொழி ஒரு தடையன்று.

இம்முடிவு பேச்சைப் பொறுத்தவரை சரி. கூலியைப் பொறுத்தவரை தவறு. அதுவும் வேலையளிப்போருக்கு மிக வசதியான தவறு. கூலிச் சட்டம் வாய்மொழியாக ஆளிடம் வந்து சேர்வதில்லை. அது பலகையில் ஒட்டப்படுகிறது, பதிவேட்டில் எழுதப்படுகிறது, சீட்டில் அச்சாகிறது. இரு மொழி பேசும் பெண்ணுக்கு இரண்டு எழுத்தும் தெரியும் என்று எவரும் உறுதிகூற முடியாது. காதுக்கு இரண்டு மொழி, கண்ணுக்கு ஒன்று, சிலருக்கு அதுவும் இல்லை. இந்த நிலையைத்தான் துறை ‘இருமொழியம்’ என்று பாராட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லைக்கோட்டின் வரலாறு துறைக்குத் தெரியும். தெரிந்த அளவுக்கு அது அலங்காரமாகிவிட்டது. நெய்யாற்றின்கரை உட்பட 9 வட்டங்களைத் தமிழ்ப் பகுதியோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் 5 வட்டங்களையே பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வட்டம் வட்டமாக மொழிக்கணக்கு பார்த்துக் கிழித்த கோடு அது. கிழித்தபின் அதன் இரு பக்கத்திலும் என்ன வளர்ந்தது என்பதை நவம்பர் 1 மேடைகள் பேசுவதில்லை. வளர்ந்தவை இரண்டு கூலிகள்.

எண்களைப் பார்த்தால் இது விளங்கும். ஒன்றிய அரசு ஒரே சட்டத்தின்கீழ்ப் பணம் தந்த ஊரக வேலை உறுதித் திட்டத்தில், 2025-26ஆம் நிதியாண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி கேரளத்துக்கு 369 ரூபாய், தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய். தமிழ்நாட்டில் ‘நூறுநாள் வேலை’, கேரளத்தில் ‘தொழிலுறப்பு’. இரு பக்கத்திலும் வெட்டப்படுவது அதே செம்மண்தான். கோட்டைத் தாண்டினால் 33 ரூபாய் குறைகிறது. தனியார் வேலையில் இடைவெளி இன்னும் பெரிது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 850 ரூபாயைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 500 ரூபாயை ஒட்டியிருந்தது.

கூலிக்கு வெளியேயும் இப்படித்தான். தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தை இரு மாநிலங்களும் 1958 என்ற ஒரே ஆண்டின் பெயரில் வைத்திருக்கின்றன. கேரளச் சட்டம் தரும் விடுமுறை 13 நாள், தமிழ்நாட்டுச் சட்டம் தருவது 9 நாள். துணிக்கடைப் பெண் வேலை நேரத்தில் உட்காரலாம் என்ற உரிமை, கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ தொடங்கிவைத்த போராட்டத்தின் விளைவாக 2018இல் கேரளத்தில் சட்டமானது, தமிழ்நாட்டில் 2021இல். இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் நெய்யாற்றின்கரைக் கடைப்பெண்ணுக்கு நாற்காலி சட்டப்படி உண்டு, மார்த்தாண்டத்துக் கடைப்பெண்ணுக்கு இல்லை. இரு கடைகளிலும் வாடிக்கையாளரிடம் பேசப்பட்டதோ ஏறக்குறைய ஒரே கலப்புமொழி. குறிமாற்ற ஆய்வாளர் அந்த உரையாடலைப் பதிவு செய்திருக்கக்கூடும். பேசியவர் நின்றுகொண்டு பேசினாரா, உட்கார்ந்தா என்பதைக் குறித்திருக்கமாட்டார்.

இந்த இடைவெளியில் இரு நகர்வுகள் நடக்கின்றன. கூலி உயர்ந்த பக்கத்தை நோக்கி ஆள் போகிறார்: விளவங்கோட்டுக் கொத்தனாரும் கையாளும் காலையில் பேருந்தேறிப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அதற்கப்பாலும் போகிறார்கள். கூலி தாழ்ந்த பக்கத்தை நோக்கி மூலதனம் வருகிறது: கொல்லத்து முந்திரித் தொழில் தன் வேலையின் பெரும்பகுதியைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கொண்டுவந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. உள்ளூரில் அதற்கு ‘அண்டி ஆபீஸ்’ என்று பெயர். ஆண் கோட்டைத் தாண்டிப் போய்க் கூடுதல் கூலி பெறுகிறார். பெண் இருக்கும் இடத்துக்கே ஆலை தேடிவந்து குறைந்த கூலி தருகிறது. எல்லை இருபாலருக்கும் ஒரே எல்லை அன்று.

அண்டி ஆபீசைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வறுப்பவர் ஆண், அவருக்கு நாட்கணக்கில் கூலி. வறுத்த கொட்டையைத் தல்லி உடைப்பவர் பெண், தொலி உரிப்பவர் பெண். இவர்களுக்கு எடைக்கணக்கில் கூலி. உடைக்கும்போது தோட்டின் எண்ணெய் விரலைப் பொசுக்கும். முழுப்பருப்புக்கு மதிப்பு, உடைந்ததற்கு இல்லை. ஆகவே விரலின் வேகமும் கவனமும் ஒரே நேரத்தில் எடைபோடப்படுகின்றன. லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2001இல் வெளிவந்த அன்னா லிண்ட்பெர்கின் ஆய்வேடு, கேரள முந்திரிப் பெண்களின் எழுபது ஆண்டு வரலாற்றைச் சாதி, வர்க்கம், பாலினம் மூன்றையும் பிரிக்காமல் வைத்துப் பேசியது. குடும்பத்துக்குச் சம்பாதிப்பவன் ஆண் என்ற எண்ணம் தொழிற்சங்கத்துக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் எப்படிக் குடியேறியது என்பதை அது காட்டுகிறது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு வகுத்த அளவுகோலும் அதே எண்ணத்தில் நின்றதுதான்: சம்பாதிப்பவர் ஒருவர், உண்பவர் மூன்று அலகு, பெண்ணின் சம்பாத்தியம் கணக்கில் சேராது. அண்டி ஆபீசிலோ சம்பாதிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கேரளம் 2015இல் முந்திரிக் கூலியை உயர்த்தியபின் கொல்லத்தில் தனியார் ஆலைகள் பல மூடப்பட்டன. கூலிதான் கொன்றது என்று உடனே தீர்ப்பு வந்தது. வியட்நாமின் இயந்திர உடைப்பும், 2016இல் கச்சா முந்திரிக்கு விதிக்கப்பட்ட இறக்குமதி வரியும் அத்தீர்ப்பில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறவில்லை. இன்று வணிக நிர்வாகத் துறைகளில் இந்த எல்லை ‘போட்டிச் சாதகம்’ என்ற பெயரில் பாடமாகிறது. விகிதம் பணியிடத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் ஆலை வைத்தவர் தமிழ்நாட்டு விகிதம் கொடுத்தால் சட்டமீறல் இல்லை. உண்மை, இல்லை. ஆனால் குறைந்த விகிதமாவது முழுதாகக் கைக்கு வந்ததா என்பதை அறிய அந்தப் பெண்ணிடம் என்ன இருக்கிறது? ஒரு பலகை, ஒரு சீட்டு. இரண்டும் எழுத்து.

மொழியியல் தன் கருவிகளை எடுத்துக்கொண்டு வரவேண்டிய இடம் இது. வராமல் நிற்கும் இடமும் இதுவே.

1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், ஆலையில் வைக்கும் அறிவிப்பு ஆங்கிலத்திலும் ‘பெரும்பான்மைத் தொழிலாளரின் மொழியிலும்’ இருக்க வேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொற்றொடரை மாற்றியது: ‘பெரும்பான்மைத் தொழிலாளருக்கு விளங்கும் ஒரு மொழி’. குறைந்தபட்சக் கூலிக்கான 1950ஆம் ஆண்டு மைய விதிகளும் விளங்கும் மொழியையே பிடித்துக்கொண்டன. தொழிலாளரின் மொழி வேறு, தொழிலாளருக்கு விளங்கும் மொழி வேறு. முன்னது யாருடையது என்று கேட்கிறது. பின்னது போதுமா என்று கேட்கிறது. சட்ட வல்லுநர்கள் இதை ஒரே பொருளின் இரு வடிவம் என்று கடந்துபோகலாம். மொழியியலார் கடந்துபோகக் கூடாது.

‘விளங்கும்’ என்பதற்கு எந்தப் புலன் சாட்சி? காரோட்டிலோ செங்கலிலோ குளத்தூரிலோ வேலைக்குப் போகும் தமிழ்ப்பெண்ணுக்கு மலையாளம் விளங்குமா என்று கேட்டால், விளங்கும் என்றுதான் அவரே சொல்வார். நாள் முழுதும் பேசுகிறார். ஆகவே மலையாளப் பலகை சட்டப்படி முற்றும் சரி. அதை அவர் படித்தாரா என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவே இல்லை. பேச்சுத்திறன் எழுத்தறிவாகக் கணக்கில் ஏறிவிட்டது. எல்லையோர இருமொழியத்தைப் போற்றும் ஆய்வுக் கட்டுரைகள் ஆய்வாளரின் கோப்புக்கு இலவசச் சான்றிதழ் எழுதிக்கொடுக்கின்றன.

‘பெரும்பான்மை’ இன்னொரு கத்தரி. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இருபத்திரண்டு பேர் மலையாளம் படிப்பவர், பதினெட்டுப் பேர் தமிழ் படிப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு பேரோடு சட்டத்தின் கடமை முடிந்துவிடுகிறது. பதினெட்டுப் பேர் எவர் விதியின்கீழும் இல்லை. வாக்குப்பெட்டிக்குப் பொருந்தும் பெரும்பான்மைக் கணக்கு அறிவிப்புப் பலகைக்கு எப்படிப் பொருந்தும்? கூலி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தானே அளக்கப்படுகிறது.

கோட்டுக்குத் தெற்கேயும் நிலை இதுவே. விளவங்கோட்டில் மலையாளம் மட்டும் படித்த குடும்பங்கள் உண்டு. தமிழ்ப் பலகை அவர்களுக்கு எந்த அளவுக்குப் பலகையோ, அந்த அளவுக்குத்தான் மலையாளப் பலகை நெய்யாற்றின்கரைத் தமிழருக்கும். இதை ஒரு மொழியின் மானப் பிரச்சினையாகப் பேசும் இரு பக்கத்துக் குரல்களும் பாதியையே பேசுகின்றன. சொந்த மாநிலத்துப் பலகையின் முன் இரண்டும் மௌனம்.

சொற்களுக்குள் போனால் இன்னும் துலங்கும். மலையாளக் கூலித்தாளில் ‘க்ஷாமபத்த’ என்றிருப்பது தமிழ் அலுவலக மொழியில் அகவிலைப்படி. பழைய தொழிற்சங்கத் தமிழில் பஞ்சப்படி. ‘கிழிவு’ என்பது பிடித்தம். ‘குடிச்சிக’ என்பது நிலுவை. ‘அவதி’ என்றால் விடுமுறை. தமிழ்க் காதுக்கு அது வேறொன்றாகவே கேட்கும், சில ஆலைகளில் தமிழ்ப்பொருளே பொருத்தமாகவும் இருக்கலாம். இவற்றில் எதுவும் தேநீர்க்கடை மலையாளம் அன்று. சந்தையிலும் பேருந்திலும் நாற்பது ஆண்டு மலையாளம் பேசியவருக்கும் இச்சொற்கள் அறிமுகமாக வேண்டிய சூழல் வாய்த்திருக்காது. அலுவலக மொழி தனி வகைமை என்பது முதுகலை முதலாண்டில் சொல்லித்தரப்படும் பாடம். இரு மொழியிலும் மாற்றமின்றி விளங்கும் சொல் அந்தத் தாளில் ஒன்று உண்டு: விரலடையாளம்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஒரு நல்ல உரிமையைத் தந்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவர்கள் தம் மொழியில் எழுதலாம். பதிலும் அம்மொழியில் வரவேண்டும். அரசமைப்பின் 350ஆம் உறுப்பும் குறைதீர்க்க எவரும் தம் மொழியில் மனுக் கொடுக்கலாம் என்கிறது. ஆக, குறையைச் சொல்லத் தமிழ் உண்டு. குறை இருக்கிறது என்பதை அறியத் தமிழ் இல்லை. உரிய விகிதம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, ஆய்வாளர் யார் என்று தெரியாதவர் மனுவில் எதை எழுதுவார்? மக்கள்தொகையில் 15 முதல் 20 விழுக்காடு இருக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கு முக்கிய அறிவிப்புகளும் விதிகளும் அவர்கள் மொழியிலும் வெளியிடப்பட வேண்டும் என்பது 1956இலேயே ஒன்றிய அரசு ஏற்ற பாதுகாப்பு. அது அரசின் அறிவிப்புக்கு. ஆலைச் சுவருக்கு அன்று.

ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று, 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பு. அதில் நல்லன இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும் என்றிருந்த குறைந்தபட்சக் கூலி எல்லாத் தொழிலுக்கும் விரிந்திருக்கிறது. கோரிக்கை மனுவுக்கு இருந்த ஆறு மாதக் கெடு மூன்று ஆண்டாகியிருக்கிறது. கூலி கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவர்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. கூலிச்சீட்டு தந்தே ஆகவேண்டும் என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. வகைவாரியான விகிதம், கூலி நாள், ஆய்வாளரின் பெயர், முகவரி ஆகியவற்றைப் பலகையில் இடவும் சொல்கிறது. எந்த மொழியில்? அப்பிரிவில் மொழி என்ற சொல்லே இல்லை. 1936இல் காலனிய அரசின் சட்டத்துக்குத் தோன்றியது 2019இல் தோன்றவில்லை.

காணாமற்போன இன்னொரு சொல்லும் எல்லையோரத்தைத் தொடுவது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ‘பணியாளர்’ என்பதை வரையறுத்தபோது, பொருளை வீட்டுக்கு வாங்கிச் சென்று வேலை முடித்துத் தருபவரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. புதிய தொகுப்பின் வரையறையில் அவர் பெயர் இல்லை. முந்திரியை வீட்டுக்குக் கொடுத்து வறுத்து உடைத்து வாங்கும் ‘குடிவறுப்பு’, தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணில் படாமல் கூலியைக் குறைக்கக் கொல்லத்து முதலாளிகள் கண்ட பழைய வழி. நெய்யாற்றின்கரை வட்டத்துக்குள்ளேயே இருக்கும் பாலராமபுரத்தில், பாலராமவர்மா காலத்தில் குடியேற்றப்பட்ட தமிழ் பேசும் சாலியர்களின் ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. நூல் கொடுப்பவர் ஒருவர், நெய்பவர் ஒருவர், சேலைக்கு இவ்வளவு என்று கணக்கு. இவர் பணியாளரா, தொழில் முனைவோரா? பழைய சட்டத்தில் ஒரு சொல் அவருக்காக வாதாடியது. இனி அவரே வழக்காட வேண்டும்.

இருமொழிச் சீட்டு என்றால் செலவு என்று எதிர்வாதம் வரும். கேரளத்திலேயே இதற்குப் பழைய விடை இருக்கிறது. கேரள ஓட்டுத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது, கொடுக்கும் சக்தி இல்லை என்று முதலாளிகள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். உன்னிச்சோயி வழக்கில் 1961இல் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை: குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமை இல்லை என்பதே அதன் சாரம். 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகள் குறித்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று அதே நீதிமன்றம் சொன்னது. கூலிக்கே செலவு என்ற வாதம் செல்லாதபோது, கூலியைச் சொல்லும் தாளுக்கு அது எப்படிச் செல்லும்? விகிதங்கள் அரசிதழில் வருபவை; வார்ப்புரு ஒருமுறை செய்தால் போதும்.

மொழி கற்றுக்கொள்ளட்டும் என்பது இரண்டாவது வாதம். கேரள எழுத்தறிவு இயக்கம் 2017இல் தொடங்கிய ‘சங்ஙாதி’ திட்டம் பிறமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் கற்பிக்கிறது, மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் அது வந்தவர்களுக்கானது. நெய்யாற்றின்கரைத் தமிழர் எங்கிருந்தும் வந்தவர் அல்லர், கோடுதான் வந்தது. கேரள அரசு பிறமாநிலத்தாரை ‘அதிதி தொழிலாளி’ என்று அழைக்கிறது. அன்பான சொல்தான். விருந்தாளி வீட்டுக் கணக்கைக் கேட்பதில்லை என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது.

வெளியே இது தீர்க்கப்படாத புதிர் அன்று. நியூயார்க் மாநிலம் 2011இல் நடைமுறைப்படுத்திய ஊதியத் திருட்டுத் தடுப்புச் சட்டம், பெரும்பான்மையை எண்ணாமல் ஆளைக் கேட்கிறது: உங்கள் முதன்மை மொழி எது? தொழிலாளி சொல்லும் மொழிக்குத் தொழில்துறையின் வார்ப்புரு இருந்தால், கூலி அறிவிப்பு ஆங்கிலத்தோடு அம்மொழியிலும் தரப்பட வேண்டும். சிங்கப்பூரில் எல்லாருக்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை. ஆனாலும் வேலை அனுமதிக்கான முன்னொப்புதல் கடிதம் சம்பள விவரத்தோடு தொழிலாளியின் தாய்மொழியிலும் வருகிறது. விளவங்கோட்டிலிருந்து விமானமேறுபவருக்குத் தமிழ்த்தாள் உண்டு. அதே ஊரிலிருந்து பாறசாலைக்குப் பேருந்தேறுபவருக்கு அந்த உறுதி எந்தச் சட்டத்திலும் இல்லை.

தமிழில் அச்சிட்டால் போதும் என்பதும் பாதித் தீர்வுதான். நெய்யாற்றின்கரைத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் பலர் மலையாள வழியில் படிக்கிறார்கள். மூத்த தலைமுறையில் பள்ளிப்படியேறாதவர்கள் உண்டு. எழுத்து எதுவானாலும் வாய் தேவைப்படும். ஆகவே மாநில விதியில் சேர்க்க வேண்டிய வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘கூலி விகித அறிவிப்பும் கூலிச்சீட்டும், பணியில் சேரும்போது தொழிலாளி தமக்குரியதாகக் குறித்த மொழியிலும் அமைய வேண்டும், படிக்கத் தெரியாதவர்க்குக் கூலி வழங்கும் நாளில் அம்மொழியில் படித்துக்காட்ட வேண்டும், படித்துக்காட்டியவர் சீட்டில் கையொப்பமிட வேண்டும்.’ கைநாட்டு வாங்குவதற்கு முன் ஒரு கையொப்பம்.

விகிதம் இரண்டாக இருப்பதும் இயற்கை விதி அன்று. அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு 2019இல் நாட்டை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்துத் தேசியக் குறைந்தபட்சக் கூலியைப் பரிந்துரைத்தபோது, கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒரே வட்டாரத்தில் வைத்தது. இரு பக்கத்துக்கும் நாளுக்கு 414 ரூபாய். அதே ஆண்டில் ஒன்றிய அரசு தேசிய அடித்தளக் கூலியாக நிறுத்தியது 178 ரூபாய்.

சீட்டும் பலகையும் எந்த வடிவில், எந்த முறையில் என்பதைத் தொகுப்பு விதிகளுக்கு விட்டிருக்கிறது. முன்வெளியீடு செய்து கருத்துக் கேட்டபின்பே அரசு விதிகளை இயற்ற முடியும். கேரளம் இத்தொகுப்புகளை எதிர்ப்பதாக அறிவித்திருக்கிறது. அந்த எதிர்ப்புக்கு வலுவான காரணங்கள் உண்டு. எதிர்க்கும் மாநிலமும் தன் சொந்த விதிகளில் ஒரு மொழி வாசகத்தைச் சேர்க்க எதுவும் தடையில்லை. கருத்துக் கேட்பு என்றால் வேலையளிப்போர் சங்கங்கள் எழுதுகின்றன, தொழிற்சங்கங்கள் எழுதுகின்றன, கணக்காய்வு நிறுவனங்கள் எழுதுகின்றன. ‘விளங்கும்’ என்ற சொல்லின் பொருளை வரையறுக்கத் தகுதியுள்ள துறைகள் திருவனந்தபுரத்திலும் நெல்லையிலும் இருக்கின்றன. களப்பணிக்கு ஆண்டுதோறும் மாணவரை அனுப்பும் எல்லைக்கிராமங்களுக்காக, அவற்றில் ஏதேனும் ஒரு துறை தன் முகவரித்தாளில் அப்படியொரு கருத்துரை எழுதி அனுப்பலாம்.